பதினேழாம் கல்லின் மூன்றாவது துண்டு

துனிஸ்
4 நவம்பர் 1985

சித்தப்பா மகன் பல்காசிம் அவர்களுக்கு ராதியா எழுதுவது.

உங்கள்மீதும் வீட்டார்மீதும் அமைதி நிலவட்டும். நான் சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது. தொண்டை மட்டும் வழக்கம்போல் தகராறு செய்கிறது. அத்தை ஸுஹ்ராவின் முழங்கால் எப்படி இருக்கிறது? காபிஸிலிருந்து உங்கள் மகள் நாஜியா வந்துபோகிறாளா? குளிருக்கு முன் உங்கள் வலது கண்ணை மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருந்தேன். காட்டினீர்களா?

இனி வேலை. நம் ஹன்ஷீரின், அந்தப் பாழ்நகரத்தின், கல்வெட்டுகள் அடங்கிய புத்தகத்தை ஜூன் மாதத்துக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். ரோமானியர் காலத்து அந்த ஊரைப் பற்றி இதுவரை ஒரு புத்தகம்கூட வந்ததில்லை. என் பிழைகளைத் திருத்த அடுத்த ஆள் வர ஐம்பது வருடம் ஆகலாம். ஆகவே பிழை இருக்கக்கூடாது. மொத்தம் முப்பத்தொரு கல். முப்பது முடிந்துவிட்டது. பாழ்நகரத்துக்குக் காவலராக இருந்துகொண்டே பதினான்கு வருடமாக நீங்கள் ஒவ்வொரு கல்லாக ஈரத்தாள் ஒற்றிப் படியெடுத்து அனுப்பியிராவிட்டால் மூன்றுகூட முடிந்திருக்காது. முன்னுரையில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

மிஞ்சியிருப்பது பதினேழாம் கல். தெற்கு இடுகாட்டில் கிடைத்த கல்லறைக் கல்; மூன்றாக உடைந்தது. இடத்துண்டும் நடுத்துண்டும் உங்கள் சாமான் அறையில் இருக்கின்றன. அவற்றின் பழைய படிகளை இங்கே பூச்சி அரித்துவிட்டது. புதிதாக எடுத்து அனுப்புங்கள். வலத்துண்டு இதுவரை அகப்படவில்லை. இன்னொரு முறை தேடிப் பார்க்க முடியுமா?

நானே வந்து தேடலாமே என்று எழுதுவீர்கள். வகுப்புகள் இருக்கின்றன. வர இயலாது.

எல்லோருக்கும் என் சலாம்.

ராதியா

*

பிர் குதைம்
27 நவம்பர் 1985

பெரியப்பா மகள் ராதியாவுக்கு பல்காசிமின் சலாம்.

இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்து வாய் கூடியிருக்கிறது. நாஜியா சென்ற மாதம் வந்து நான்கு நாள் இருந்தாள். கண்ணை இன்னும் காட்டவில்லை. எப்படியும் காபிஸுக்குப் போகத்தானே வேண்டும், அப்போது காட்டிக்கொள்கிறேன். உன் தொண்டைக்கு அத்தை ஸஅதர் இலை கட்டிக் கொடுத்திருக்கிறாள். கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டுமாம். படித்தவர்கள் அப்படியே மென்றுவிடுவார்களாம், அதனால் எழுதச் சொன்னாள்.

படிகள் இரண்டும் இந்தக் குழாயில் இருக்கின்றன. காற்றில்லாத நாளுக்காகப் பத்து நாள் காத்திருந்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே கல்லைக் கழுவி, தாளை நனைத்துப் போட்டு, புருசால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டினேன். முழுக்கக் காயும்வரை உரிக்கவில்லை.

வாடகை வண்டி ஓட்டும் ஹமைதா குழாயை வாங்கிக் கையில் எடை பார்த்தான்.

“மறுபடியும் குழாயா? உள்ள என்ன, துப்பாக்கியா?”

“காகிதம்.”

“என்ன எழுதியிருக்கு?”

“எனக்கென்ன தெரியும்? ரோமாக்காரன் எழுத்து.”

“எழுதினவன் செத்தே போயிட்டான். அனுப்புறவனுக்குப் படிக்கத் தெரியாது. கொண்டுபோறவன் நான், அரபியே தடவித்தான் படிப்பேன். நல்ல தபால்தான் போ!”

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்கு வாசலிலிருந்து இடுகாடு வரை நடந்தேன். கடைத்தெருவில் மணல் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. குளியல்கூடத்தின் தெற்குச் சுவரில் இன்னொரு வரிசைக் கல் சரிந்திருக்கிறது. சக்கரம் தேய்த்துத் தேய்த்துக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறதே, அந்த வளைவில் மட்டும் மணல் நிற்பதில்லை. காற்றே பெருக்கி வைக்கிறது. சின்ன வயதில் நாம் அங்கே போகும்போதெல்லாம் நீ அந்தப் பள்ளத்துக்குள்ளேயே கால் வைத்து நடப்பாய். ‘ரோமாக்கார வண்டி வருது, எல்லாரும் ஒதுங்கு’ என்பாய். ஒதுங்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

வலத்துண்டு கிடைக்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பல்காசிம்

*

துனிஸ்
16 டிசம்பர் 1985

சித்தப்பா மகன் பல்காசிம் அவர்களுக்கு.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். ஸஅதர் கசப்பு சொல்ல முடியாது, தொண்டை சரியாகிவிட்டது. அத்தையிடம் இரண்டாவதை மட்டும் சொல்லுங்கள்.

படிகள் அருமையாக வந்திருக்கின்றன. இத்தனை வருடத்தில் நீங்கள் எடுத்தவற்றிலேயே இவைதான் சிறந்தவை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை என்றாலும், இந்தக் கல் என்ன சொல்கிறது என்பதை எழுதுகிறேன். தனுப்தா என்ற பெண் இறந்திருக்கிறாள். நிமிரா என்ற ஆண் அவளுக்காக இந்தக் கல்லறையைக் கட்டியிருக்கிறான். இரண்டும் ரோமாபுரிப் பெயர்கள் அல்ல. நம் பக்கத்து மனிதர்கள். ரோமானியர் எழுத்தைக் கடன் வாங்கித் தங்கள் துக்கத்தை எழுதிக்கொண்டவர்கள். அவள் அவனுக்கு என்ன உறவு என்பது மட்டும் தெரியவில்லை. மனைவியா, சகோதரியா, தாயா, விடுதலை கொடுத்த அடிமையா? இப்படிப்பட்ட கற்களில் உறவைக் கடைசியில்தான் எழுதுவார்கள். கடைசி நம்மிடம் இல்லை.

பக்கத்து அறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “மனைவின்னு போட்டு முடிச்சிருங்க ராதியா. வேற யாருக்கு ஒருத்தன் கல்லறை கட்டப்போறான்? எவன் வந்து கேக்கப்போறான்?”

“நான் கேப்பேன்” என்றேன்.

“உங்ககிட்டப் படிக்கிற பிள்ளைங்களை நெனச்சா பாவமா இருக்கு.”

உடைந்துபோன இடத்தில் என் ஆசையை எழுதிவைக்க எனக்குச் சம்பளம் தரவில்லை. உறவு தெரியாவிட்டால் தெரியவில்லை என்றுதான் அச்சாகும். ஆனால் அதற்குமுன் தேடாத இடம் என்று ஒன்று இருக்கக்கூடாது. இடுகாட்டின் கிழக்குச் சரிவில், வாதி ஓடையை ஒட்டிப் பாருங்கள். மழைவெள்ளம் அங்கேதான் கற்களை உருட்டிக்கொண்டு போகும்.

உங்கள் கண்?

ராதியா

*

பிர் குதைம்
2 பிப்ரவரி 1986

பெரியப்பா மகளுக்கு சலாம்.

பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். குளிர் அதிகம். இரண்டு ஆடுகள் போய்விட்டன. மற்றபடி நலம். கண் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றாகத் தெரிய வேண்டியது சில சமயம் இரண்டாகத் தெரிகிறது. இந்த ஊரில் இரண்டாகப் பார்க்க அதிகம் எதுவும் இல்லை என்பதால் கவலையில்லை.

கிழக்குச் சரிவு பெரிய இடம். கல் கல்லாகப் புரட்டினால் மாதக்கணக்கில் ஆகும். எழுத்துக்கும் கீறலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. நீ வந்து பார்த்தால்தான் உண்டு. மார்ச்சில் வெயிலும் இருக்காது, குளிரும் இருக்காது. அந்த மாதம் முடியாவிட்டால் ஏப்ரல். எப்படியானாலும் ஜூனுக்குள் வந்துவிடு.

அத்தையிடம் நீ வரக்கூடும் என்று சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“வரமாட்டாடா. அவளுக்குக் கல்லு போதும். கல்லு பதில் பேசாது பாரு.”

“வேலை இருக்கு அத்தை அவளுக்கு.”

“வேலை! பதினாலு வருசமா ஒரு வேலை. நானா இருந்தா அதுக்குள்ள அந்த ஊரையே திரும்பக் கட்டிக் குடி வெச்சிருப்பேன்.”

“உனக்கென்ன, நீ செய்வ.”

“நீயும்தான் இருக்கியே. காகிதத்தை நனைக்கிறதும் காய வைக்கிறதும். வண்ணாத்தி பொழப்பு.”

பிறகு எனக்கு இரண்டு ரொட்டி அதிகமாகப் போட்டாள்.

வடக்குத் தொட்டியைத் தூர்வாரினேன். அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. ரோமாக்காரன் பூசிய சாந்து இன்னும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கையை வைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. வேறு செய்தியில்லை.

பல்காசிம்

*

துனிஸ்
20 பிப்ரவரி 1986

பல்காசிம் அவர்களுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இன்று அதற்கு மனமில்லை, மன்னிக்கவும்.

நேற்று நடுத்துண்டின் படியை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். வலது ஓரத்தில், உடைப்பின் கோடு மேலிருந்து கீழாகப் பதிந்திருக்கிறது. கல் அதோடு முடிந்திருந்தால் அதற்கு அப்பால் தாளில் மணலின் சொரசொரப்புதான் இருக்கவேண்டும். ஆனால் அரைவிரல் அகலத்துக்கு வழவழப்பான கல்முகம் இருக்கிறது. ஐந்து வரியிலும் அடுத்த எழுத்தின் தொடக்கம் பதிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கத்தரி பட்டிருக்கிறது.

மூன்று துண்டுகளையும் சேர்த்துப் படுக்கவைத்து, மேலே ஒரே தாளைப் போட்டு ஒற்றியிருக்கிறீர்கள். உடைந்த கல்லை அப்படித்தான் ஒற்ற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். பிறகு அதை மூன்றாகக் கத்தரித்து, மூன்றாவதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அனுப்பியிருக்கிறீர்கள். உடைப்பின் மேலேயே வெட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நடுத்துண்டின் எழுத்து சேதமாகிவிடுமே என்று அரைவிரல் தள்ளி வெட்டினீர்கள். பொய் சொல்லும்போதும் உங்கள் வேலை சுத்தம்.

வலத்துண்டு உங்களிடம் இருக்கிறது. அல்லது நவம்பரில் இருந்தது. வெளிநாட்டார் கல்லுக்கு விலை பேசக் கடற்கரை ஊர்களில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். விற்றுவிட்டீர்களா?

ஒரே ஒரு வரியில் பதில் எழுதினால் போதும்.

ராதியா

*

துனிஸ்
25 மார்ச் 1986

சித்தப்பா மகன் பல்காசிம் அவர்களுக்கு.

நலமா? ஐந்து வாரமாக உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை. தபால் தாமதம் என்று நான்கு வாரம் நம்ப முடிந்தது.

சென்ற கடிதத்தில் ஒரு வாக்கியம் தவறு. விற்றீர்களா என்று கேட்டது. ஆதாரமில்லாமல் எழுதினேன். மாணவர்கள் அப்படி எழுதினால் சிவப்பு மையால் அடிப்பேன். அதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன். இதை எழுதாமல் இருபத்தொன்பது வருடம் ஓடியிருக்கிறது, இன்னும் ஓடும்தான். ஆனால் உங்கள் மௌனம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஊர் வழக்கப்படி தந்தையின் சகோதரன் மகனுக்குத்தான் பெண்மீது முதல் உரிமை. நீங்கள் வாய்திறந்து ‘விட்டேன்’ என்று சொன்னால்தான் நான் இன்னொருவரை மணக்கலாம், வெளியூருக்குப் படிக்கப் போகலாம். சம்மதம் பெண்ணுடையது என்று சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சட்டம் பிர் குதைம் வரை வந்து சேரவில்லை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று பேர் முன்னிலையில் “பெரியப்பா மகளை விட்டேன், அவ வழியில நான் நிக்கல” என்று சொன்னீர்கள். நான் உள்ளறையில் இருந்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஊற்றிய தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போனீர்கள்.

நான் நன்றி சொல்ல வேண்டியவள். உங்களால்தான் படித்தேன். துனிஸில் ஒரு வழக்கறிஞரை மணந்தேன். ஆறு வருடத்தில் மரியாதையாகப் பிரிந்தோம். எதற்கும் வருத்தமில்லை. அந்த ஒரு மூச்சுதான். இவ்வளவு சுலபமாக இருந்ததா அவருக்கு என்று அன்று நினைத்தேன். அதற்குப் பிறகும் நினைத்திருக்கிறேன்.

1971-இல் கடைசியாக வந்தபோது உங்கள் மனைவி முபாரகா எனக்குப் பரிமாறினாள். நல்ல பெண். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இறந்தபோதும் நான் வரவில்லை. வகுப்புகள் இருக்கின்றன என்று அன்றிலிருந்து எழுதிவருகிறேன். கோடையில் வகுப்புகள் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்; நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

கல் இருக்கட்டும். சுகமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

ராதியா

*

பிர் குதைம்
6 ஏப்ரல் 1986

எம் பெரியண்ணன் மக ராதியாவுக்கு அத்தை ஸுஹ்ரா சொல்லி, தபால்கார அம்மார் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா, சாப்பிடுறியா, இல்ல காகிதத்தத்தான் திங்கிறியா? அம்மார், இதையும் எழுது. எழுதுடா, சிரிக்காத.

உன் கடுதாசிய அவன் படிச்சுட்டு மாடத்துல வெச்சுட்டுப் போயிட்டான். நான் அம்மாரக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அடுத்தவங்க கடுதாசியப் படிக்கலாமான்னு இவன் எனக்குப் புத்தி சொல்றான். தபால்காரனுக்கு வந்த யோக்கியதையப் பாரு.

பல்காசிமுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான். உனக்கு எழுத உக்காருறான், கிழிக்கிறான். இதுவரைக்கும் நாலு. அடுப்புப் பத்தவைக்க எனக்கு உதவுது.

அவன் கல்ல விக்கலடி. அது அவன் கட்டிலுக்கு அடியில ஆட்டுத்தோல் சுத்திக் கெடக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னால வெள்ளம் வந்தப்ப வாதியில கெடச்சுது. வித்துட்டியான்னு கேட்டு எழுதின பாரு, அன்னிக்கு அவன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ. காட்டுக்கழுதை ஒதச்ச மாதிரி உக்காந்திருந்தான்.

இன்னொண்ணு. அவன் உங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டான். வர்ற ஜூன் கடைசியில ஹன்ஷீர் சாவிய ஒப்படைச்சிரணும். காகிதத்துல அவனுக்கு அறுபது வயசாம்! ஐம்பத்திமூணு முடியல. பொறந்தப்ப யாரும் பதியல. அப்புறம் பதியப் போனப்ப, பையன் வளத்தியா இருக்கான்னு குமாஸ்தா ஏழு வருசம் கூட்டிப் போட்டுட்டான். இப்ப அந்த ஏழு வருசத்த யாருகிட்டப் போய்க் கேக்குறது? காபிஸுக்கு வந்துருங்க வாப்பான்னு நாஜியா சொல்றா. மாடி வீடு. அங்க உக்காந்து எந்தக் கல்லக் கழுவுவான்?

நீ ஒரே மூச்சுன்னு எழுதியிருக்க. ராதியா, நீ படிச்சவ, உனக்கு ஒண்ணும் தெரியாது. உங்கப்பன்தான் அவன்கிட்டப் போனாரு. “நீ விட்டா அவ படிப்பா. விடலன்னா உன் வீட்டுல ரொட்டி தட்டுவா. நீயே முடிவு பண்ணு”ன்னாரு. இவன் மூணு நாளு ஹன்ஷீர விட்டு வெளிய வரல. ரொட்டி கொண்டுபோனேன், தொடல. நாலாம் நாளு மூஞ்சியக் கழுவிட்டு நேரா உங்க வீட்டுக்கு வந்து சொன்னான். ஒரே மூச்சுதான். ரெண்டாவது மூச்சு விட்டிருந்தா அழுதிருப்பான்.

அவ்வளவுதான். என் முழங்கால் வலிக்குது. அம்மார் கையும் வலிக்குதாம். படைச்சவன் உன்னப் பாத்துக்கட்டும்.

*

பிர் குதைம்
20 ஏப்ரல் 1986

பெரியப்பா மகள் ராதியாவுக்கு.

சலாம். நான் நலம். உண்மையாகவே நலம். அத்தை உனக்கு எழுதியது தெரியும். அம்மாருக்கு வயிற்றில் எதுவும் தங்காது. அவள் சொன்னதில் கழுதையைத் தவிர மற்றதெல்லாம் சரி.

துண்டு கிடைத்த அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உன் கடிதங்கள் எல்லாமே ஒரு கல்லின் எண்ணோடு வருகின்றன. நான்காம் கல், ஒன்பதாம் கல், இருபத்திரண்டாம் கல். ஒரு கல் முடிந்ததும் அடுத்த கல். கல் எல்லாம் தீர்ந்தால் உனக்கு எனக்கு எழுதக் காரணம் என்ன இருக்கிறது? ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்தேன். சென்ற அக்டோபரில் ஓய்வுத் தாள் வந்தது. அதன்பிறகு வேறு ஒரு எண்ணம் வந்தது. துண்டு கிடைக்காவிட்டால் தேடுவதற்காவது நீ வருவாய். நான் சாவியை ஒப்படைக்குமுன் ஒருமுறை மேற்கு வாசலை உனக்கு நானே திறந்துவிடலாம்.

ஒரு வேலையாளாக இது குற்றம். அதிகாரிகளுக்கு எழுதுவதானால் எழுது. மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது துண்டின் படி இந்தக் குழாயில் இருக்கிறது. நவம்பரில் கத்தரித்ததே, தூக்கிப்போட மனம் வரவில்லை. ஓரத்தை உன்னிடம் இருப்பதோடு சேர்த்துப் பார், பொருந்தும். கல்லை மற்ற இரண்டோடு சாமான் அறையில் வைத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்ததுண்டு. ஆழமாக வெட்டியிருக்கிறான்.

அன்று உன் அப்பா வீட்டில் தேநீர் சூடாக இருந்தது. அது ஆறும்வரை உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. இதற்குமேல் எனக்கு எழுத வராது.

இனி நீ வரவேண்டிய அவசியமில்லை. கல்லுக்காக நீ வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது, கல்லுக்காக நீ வருவது எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது.

பல்காசிம்

*

துனிஸ்
18 மே 1986

சித்தப்பா மகன் பல்காசிமுக்கு.

உங்களுக்கும் அத்தைக்கும் நோன்பு இலேசாக அமையட்டும். இங்கே வெயில் இன்னும் கடுமையாகவில்லை. நான் நலம்.

குழாய் மே முதல் வாரம் வந்தது. வேறு யாராவது என்றால் ஒரு நாளாவது திறக்காமல் வைத்திருப்பார்கள். நான் தபால் நிலையத்தின் மேசையிலேயே பிரித்தேன். ஓரம் பொருந்துகிறது.

நிமிரா தன்னைப் பற்றி எழுதியிருக்கிறான். ‘தனுப்தாவுக்கும், நான் உயிரோடு இருக்கும்போதே எனக்கும் சேர்த்து’ இந்தக் கல்லறையைக் கட்டினேன் என்கிறான். அவ்வளவுதான். கல் அங்கே முடிகிறது. அவள் மனைவி என்று சொல்லவில்லை. சகோதரி என்றும் சொல்லவில்லை. எழுத இடம் இருந்திருக்கிறது, கீழே இரண்டு வரிக்கு வெறும் கல் கிடக்கிறது. அவன் எழுதவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அல்லது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பான். இரண்டுக்கும் என்னிடம் சான்று இல்லை.

பக்கத்து அறைக்காரருக்கு என்னைவிட ஏமாற்றம். “இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க? ஒரு உறவுமுறைகூட இல்லையே!” என்றார். ‘உறவு குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதி, புத்தகத்தை மே பதினைந்தாம் தேதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதிகாரிகளுக்கு எழுத எதுவுமில்லை. துண்டு பதிவேட்டில் இருக்கிறது, படி என்னிடம் இருக்கிறது. முன்னுரையில் உங்களைப் பற்றிய வாக்கியத்தை மாற்றினேன். முன்பு ‘காவலர்’ என்று எழுதியிருந்தேன். இப்போது உங்கள் பெயர் இருக்கிறது, பட்டம் எதுவும் இல்லாமல்.

ஆக, முப்பத்தொரு கல்லும் முடிந்தது. பிர் குதைமில் எனக்கு இனி எந்த வேலையும் இல்லை.

படிக்கப் போன பிறகு வேலையில்லாமல் நான் அங்கே வந்ததே கிடையாது. எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. பெருநாள் கழிந்து வரும் சனிக்கிழமை, ஜூன் பதினான்கு, வருகிறேன். இரவு ரயிலில் காபிஸ். அங்கிருந்து காலையில் வாடகை வண்டி. எத்தனை நாள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. திரும்பும் வண்டிக்கு ஹமைதாவிடம் இடம் சொல்லிவைக்க வேண்டாம்.

ராதியா

*

பிர் குதைம்
29 மே 1986

ராதியாவுக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. எல்லோரும் நலம்.

காபிஸில் ரயிலடிக்கு எதிரே நிற்கும் வண்டிகளில் ஏறாதே, அவை மெத்மாத்தா வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். சந்தைக்குப் பின்னால் ஹமைதா நிற்பான். அவன் வண்டி நிறைந்தால்தான் எடுப்பான். எட்டு மணியும் ஆகலாம், பதினொன்றும் ஆகலாம். இடப்பக்கம் உட்கார், வெயில் வலப்பக்கம் அடிக்கும். தண்ணீர் வைத்துக்கொள். பழைய பாதையை மணல் மூடிவிட்டது. இப்போது தார்ச்சாலை முடியும் இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து நடந்துதான் வர வேண்டும். நீ தனியாக நடக்க வேண்டாம்.

அத்தை உன் அறையைச் சுண்ணாம்படிக்கிறாள். என்னை அடிக்க விடவில்லை. “நீ கல்லத்தான் கழுவுவ, செவுரு உனக்குத் தெரியாது, தள்ளு” என்கிறாள். நோன்பு வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏணியில் நிற்கிறாள். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று கேட்டேன். “வாய மூடிட்டுச் சுண்ணாம்புத் தொட்டிய எடு” என்றாள்.

சாலை முடியும் இடத்தில் விடியற்காலை சுபுஹ் தொழுகை முடிந்ததிலிருந்து நிற்பேன். வண்டி எப்போது வந்தாலும் சரி.

நாட்கள் குறைவாக இருக்கின்றன. இதற்குப் பதில் எழுதாதே.

பல்காசிம்